நீலி சொன்ன பொய்

(தலைப்பு: பழையனூர் நீலி கதையில் நம் நெஞ்சை விட்டு நீங்காதது வாக்கின் பெருமையா? பழியின் கொடுமையா? 'பழியின் கொடுமையே' என்ற அணியில் பேசியது. இடம்: ஒரகடம்.)

எனக்கு முன்னால் பேசி உங்களையெல்லாம் கண்கலங்க வைத்துவிட்டுப் போயிருக்கிற எதிரணித் தம்பி அவர்களே! முதல் ஷிப்டு முடிச்சுட்டு யூனிபார்மோட வந்து முன்வரிசையில உட்கார்ந்திருக்கிற உழைப்பாளித் தோழர்களே! ராத்திரி ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் வந்துடுமோன்னு கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டே பின்னால நிக்கிற பிள்ளைகளே! தாய்மார்களே!

பயப்படாதீங்க, பஸ் வர்றதுக்குள்ள முடிச்சிடுறேன். வாத்தியார் கையில மைக்கைக் கொடுத்தா மணி அடிக்கிற வரைக்கும் விடமாட்டான்னு எங்க வீட்டுலயே சொல்லுவாங்க. நல்லவேளை, மணி நடுவர் ஐயா கையில இருக்கு. (சிரிப்பு)

எதிரணித் தம்பி என்ன சொன்னார்? நீலி கதையில் நிலைத்து நிற்பது அந்த எழுபது வேளாளப் பெருமக்கள் கொடுத்த வாக்குதான் என்றார். கொடுத்த வாக்குக்காகத் தீயில் இறங்கினார்களே, அதைவிடப் பெருமை உண்டா என்று கேட்டார். கைதட்டினீங்க. நானும் தட்டினேன். தட்ட வேண்டிய இடம்தான் அது. இங்கேயிருந்து ஸ்ரீபெரும்புதூர் போய், திருவள்ளூர் போய், இன்னும் கொஞ்ச தூரம் போனால் திருவாலங்காடு. காரைக்கால் அம்மையார் வாழ்ந்த ஊர், நடராசப் பெருமானின் ஐந்து சபைகளில் ரத்தின சபை இருக்கிற ஊர். அதை ஒட்டித்தான் பழையனூர். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் திருவாலங்காட்டுப் பதிகத்திலேயே இந்தக் கதையைக் குறிப்பாகச் சொல்லிவிட்டார். நம்ம குன்றத்தூரில் பிறந்த சேக்கிழாருடைய வரலாற்றைப் பாடிய உமாபதி சிவாசாரியாரும் அந்த எழுபது பேரைப் போற்றுகிறார். நான் அவர்களைக் குறைத்துப் பேச வரவில்லை. அவர்கள் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் பேச்சை ஆரம்பிக்கிறேன்.

ஆனால் நடுவர் அவர்களே, ஒரு கேள்வி கேட்கணும். அந்தத் தீயை மூட்டியது யார்? எழுபது பேர் தீயில் விழுந்தார்கள் என்பது கதையின் கடைசிப் பக்கம். தம்பி கடைசிப் பக்கத்தை மட்டும் படிச்சுட்டு வந்துட்டார். பரிட்சைக்கு முதல் நாள் என் மாணவர்கள் அப்படித்தான் படிப்பாங்க. (சிரிப்பு) நாம முதல் பக்கத்திலிருந்து வருவோம்.

கதை ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். இந்தப் பக்கத்து வழக்கைச் சொல்றேன். காஞ்சிபுரத்து ஆள் ஒருவன். வெளியூர் போன இடத்தில் ஒரு பெண்ணைக் கல்யாணம் பண்ணிக்கிட்டான். ஊரில் ஏற்கெனவே ஒரு மனைவி. கூட்டிக்கொண்டு வருகிற வழியில், திருவாலங்காட்டுக் காட்டில், நம்பி வந்தவளைக் கொன்று போட்டான். செத்தவள் பேயாகப் பிறந்தாள். அவள்தான் நீலி. கொன்றவன் மறுபிறவியில் அதே காஞ்சிபுரத்தில் வணிகனாகப் பிறந்தான். முன்பிறவியில் என்ன செய்தோம் என்று அவனுக்குத் தெரியாது. ஆனால் அவனுக்கு ஒரு பேயால் கண்டம் இருக்கிறது என்று சொல்லி, மந்திரித்த கத்தி ஒன்றை அவன் கையில் கொடுத்திருந்தார்கள். அது கையில் இருக்கிற வரைக்கும் பேய் கிட்ட வர முடியாது.

வியாபாரத்துக்குப் பழையனூர் வழியாக வருகிறான். நீலி அவன் மனைவி மாதிரி உருவம் எடுத்து, ஒரு கள்ளிக் கொப்பை ஒடித்துக் குழந்தையாக்கி, இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னாலேயே வருகிறாள். இவன் ஓடுகிறான். நேரே ஊர்ச் சபை. எழுபது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். "ஐயா, இவள் என் மனைவி இல்லை, பேய்" என்கிறான். அவள் அழுகிறாள். "ஐயா, இவர் என் புருஷன். வேறொருத்தியை நம்பி என்னையும் பிள்ளையையும் விட்டுட்டுப் போறார்" என்கிறாள். குழந்தையைக் கீழே விட்டாங்க. அது நேரே போய் அவன் காலைக் கட்டிக்கிட்டு 'அப்பா'ன்னுச்சு. முடிஞ்சுது வழக்கு!

"இன்னிக்கு ராத்திரி ஒரே வீட்டில் இருங்க, காலையில் பேசிக்கலாம்" என்றார்கள். "ஐயா, அவர் கையில் கத்தி இருக்கு. என்னைக் கொன்னுடுவார்" என்றாள். கத்தியை வாங்கிக்கொண்டார்கள். "என் உயிருக்கு ஆபத்து வந்தால்?" என்று அவன் கேட்டான். "உன் உயிருக்கு எங்கள் எழுபது பேர் உயிர் பிணை" என்றார்கள். பொழுது விடிஞ்சுது, கதவைத் திறந்தாங்க. அவன் செத்துக் கிடந்தான், அவளைக் காணோம். அப்புறம்தான் நம்ம தம்பி சொன்ன அந்தத் தீ.

தாய்மார்களே, இப்போ ஒரு கணக்குப் போடுங்க. புருஷன் கையால் செத்தவள் ஒரு பெண். அந்த ஒரு பெண்ணின் பழி தீர்ந்தபோது பழையனூரில் எத்தனை வீட்டில் தாலி அறுந்தது? எழுபது வீட்டில். இந்த எழுபது பெண்கள் நீலிக்கு என்ன கெடுதல் செய்தார்கள்? ராத்திரி அந்தப் பச்சைப் பிள்ளைக்கு யாராவது ஒரு வீட்டிலிருந்து பால்கூடக் காய்ச்சிக் கொடுத்திருப்பார்கள். ஒரு பெண்ணுக்கு நடந்த கொடுமைக்கு நியாயம் கேட்கப் போய், எழுபது பெண்களுக்கு அநியாயம் நடந்தது. வாக்கின் பெருமை என்று கல்வெட்டில் எழுதலாம். அந்த எழுபது வீட்டு அடுப்படியில் போய் அப்படி எழுத முடியுமா? (கைதட்டல்)

இனிமேல்தான் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். நாம எல்லாரும் 'நீலிக் கண்ணீர்'னு சொல்றோம். பொய் அழுகைக்கு அந்தப் பேர். சீரியல் பார்க்கும்போது கூடச் சொல்றோம். நான் கேட்கிறேன், நீலி அழுதது பொய்யா?

அவள் நிஜமாகவே ஏமாற்றப்பட்டவள், நம்பி வந்து கொல்லப்பட்டவள். அந்தக் கண்ணீர் பொய்யில்லை. பொய் எது தெரியுமா? அவள் சொன்ன குறை. 'இவன் என்னைக் கொன்றான்' என்பது உண்மை. அதைச் சபையில் சொன்னாளா? சொல்லலை. 'இவன் என்னைக் கைவிட்டான்' என்று சொன்னாள். ஏன்? செத்தவள் வந்து, 'என்னைக் கொன்னான்'னு சாட்சி சொன்னால் எந்தச் சபை கேட்கும்? கேட்கிற மாதிரி ஒரு பொய்யைச் சொன்னாள். ஊர் உடனே நம்பியது. ஏன்னா புருஷன் கைவிட்ட கதை ஊருக்கு ஊர் நடக்கிற கதை.

அந்தச் சபையை நினைச்சுப் பாருங்க. வார்த்தையில் உண்மை சொன்னவன் கொன்றவன். வார்த்தையில் பொய் சொன்னவள் கொல்லப்பட்டவள். நிஜமான வலி, பொய்யான புகார். இந்த ரெண்டும் சேர்ந்த இடத்தில்தான் பழி என்கிற பேய் பிறக்குது. திருவாலங்காட்டுக் காட்டில் மட்டும் இல்லீங்க. நம்ம வீட்டுக் கூடத்திலேயும் பிறக்கும்.

என் வீட்டிலேயே பிறந்தது. சொல்லலாமா வேண்டாமான்னு பத்து நாளா யோசிச்சேன். சொல்லிடுறேன்.

எங்க பூர்வீகம் இந்தப் பக்கம்தான். ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவுல ஒரு சின்ன கிராமம். ரெண்டு ஏக்கர் நஞ்சை, ஒரு கிணறு. அந்தக் கிணத்து மேட்டில் உட்கார்ந்துதான் நான் பரிட்சைக்குப் படிச்சேன். பக்கத்து வயலில் எங்கம்மா களை பறிப்பாங்க. நான் சத்தமாப் படிக்கிறதை நிறுத்தினா, "என்னடா, தூங்கிட்டியா?"ன்னு அங்கிருந்தே குரல் வரும். நான் படிச்சு, வெளியூர்க் கல்லூரிக்குப் போயிட்டேன். எங்கண்ணன் ஊரிலேயே இருந்து பயிர் வச்சார்.

இந்தப் பக்கம் நிலத்துக்கு விலை ஏறின காலம், 2005. ஒரு நாள் அண்ணன் போன் பண்ணினார். "நிலத்தைக் கொடுத்தாச்சுடா. அப்பா கையெழுத்துப் போட்டுட்டார். உன் பங்கை பாங்கில கட்டிட்டேன்" என்றார். பாங்கில் பார்த்தேன். ஒரு ரூபாய் குறையலை. நாணயமான மனுஷன். ஆனா என்னை ஒரு வார்த்தை கேட்கலையே! கடைசியா ஒரு தடவை அந்தக் கிணத்து மேட்டுல உட்கார்ந்துட்டு வந்திருப்பேனே! இதுதான் என் குறை. நிஜமான குறை.

இதை நான் யார்கிட்டயாவது சொன்னேனா? சொல்லலை. ஒரு பேராசிரியர், டாக்டர் பட்டம் வாங்கினவன், கிணத்துக்காக அழுறான்னா சிரிக்க மாட்டாங்களா? அதனால சொந்தக்காரங்க கிட்ட என்ன சொன்னேன் தெரியுமா? "அண்ணன் உண்மையான விலையைச் சொல்லலைன்னு தோணுது"ன்னேன். தோணுதுன்னுதான் சொன்னேன். பத்து வாய் மாறினதும் அந்தத் 'தோணுது' உதிர்ந்து போச்சு. எல்லாரும் உடனே நம்பினாங்க. நிலம் வித்த வீட்டுல பங்குச் சண்டைன்னா யார் நம்ப மாட்டாங்க? நடுவர் அவர்களே, நான் நீலியாகிப் போனேன். படிச்ச நீலி!

ஏழு வருஷம் அண்ணனோட பேச்சு இல்லை. 2009-ல் அப்பா தவறினார். பாடைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். தோள் கொடுத்தோம், முகம் கொடுக்கலை. அடுத்த வருஷம் அண்ணன் மகளுக்கு ஒரு நல்ல வரன் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் விசாரிச்சாங்க. யாரோ ஒருத்தர், "கூடப் பிறந்தவனுக்கே பங்கு கொடுக்காத ஆளு"ன்னு சொல்லிட்டாங்க. வரன் போச்சு. அது யார் கிளப்பின பேச்சு? நான் கிளப்பினது. குறி வச்சது அண்ணனை. பட்டது, என்னைச் 'சித்தப்பா'ன்னு கூப்பிட்டு என் மடியில் உட்கார்ந்து 'அ, ஆ' எழுதின குழந்தைக்கு. அப்புறம் மூணு வருஷம் கழிச்சு அவளுக்குக் கல்யாணம் ஆச்சு. நல்லா இருக்கா. ஆனா அந்த மூணு வருஷத்தை நான் எந்தக் கடையில வாங்கிக் கொடுக்கிறது?

இது எப்படித் தீர்ந்ததுன்னு பின்னால சொல்றேன். முதல்ல இலக்கியத்துக்கு வருவோம்.

எதிரணியில் ஒரு சகோதரி கேட்டாங்க, "அப்படின்னா கண்ணகி செய்தது தப்பா?"ன்னு. நல்ல கேள்வி. கண்ணகியும் பழிதான் கேட்டாள். ஆனால் அவள் நீலி மாதிரி சுற்றி வளைக்கலை. நேரே அரண்மனைக்குப் போனாள். உண்மையான குறையை உண்மையாகச் சொன்னாள். சிலம்பை உடைத்து ஆதாரம் காட்டினாள். அரசனும் கேட்டான், தப்பை ஒப்புக்கொண்டான், உயிரையே விட்டான். வழக்கு அங்கேயே முடிஞ்சுது. முடிஞ்ச பிறகும் கோபம் முடியலை. அதுதான் மதுரையை எரித்த தீ. நல்லவர்களை விட்டுவிட்டுத் தீயவர்கள் பக்கம் மட்டும் போ என்று தீக்குச் சொன்னாளாம். தீ கேட்டிருக்கலாம், மனுஷன் கேட்கலையே. பின்னால் கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன், நாட்டின் துன்பம் தீரக் கண்ணகிக்குப் பலி என்று ஒரே நாளில் ஆயிரம் பொற்கொல்லர்களைக் கொன்றான் என்று சிலப்பதிகாரமே சொல்கிறது. சிலம்பு திருடினது ஒரு பொற்கொல்லன். செத்தது ஆயிரம் பேர்.

இதைவிட ஒரு ஆச்சரியம் சொல்றேன், கேளுங்க. கோவலன் ஏன் கொலையுண்டான்? மதுராபதித் தெய்வம் கண்ணகியிடம் வந்து அவன் முன்பிறவிக் கதையைச் சொல்கிறது. கலிங்க நாட்டுச் சிங்கபுரத்தில் பரதன் என்பவன், சங்கமன் என்ற ஒரு வியாபாரியை ஒற்றன் என்று பொய்யாகச் சொல்லிக் கொலைக்குக் காட்டிக் கொடுத்தான். அந்தப் பரதன்தான் மறுபிறவியில் கோவலன். வியாபாரியின் மனைவி பதினான்கு நாள் அழுது திரிந்து, 'எங்களுக்கு இந்தத் துன்பம் செய்தவர்கள் இதையே அடையட்டும்' என்று சபித்து மலையிலிருந்து குதித்தாள். அவள் பேர் என்ன தெரியுமா? அவளும் நீலி! பழையனூர் நீலி வேறு, இவள் வேறு. பேர் மட்டும் ஒண்ணு. ஒரு நீலியின் கண்ணீர் கோவலனில் வந்து விடிந்தது, கோவலன் சாவு மதுரையில், மதுரை அந்த ஆயிரம் பேரில். ஒவ்வொருத்தரும் 'என்னோட இது முடிஞ்சுடும்'னுதான் நினைச்சாங்க. யாரிடமும் முடியலை.

வெளிநாட்டுக்குப் போவோமா? ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்'. அதையும் நம்ம பக்கத்துப் பம்மலின் பேரைச் சுமந்த சம்பந்த முதலியார்தான் 'அமலாதித்யன்' என்று தமிழ் மேடைக்குக் கொண்டுவந்தார். ஹாம்லெட்டுக்கும் ஒரு பேய்தான் வந்து சொல்கிறது. அப்பாவின் ஆவி. 'உன் சித்தப்பன் என்னைக் கொன்றான், பழி வாங்கு.' அவன் பழையனூர்ச் சபை மாதிரி உடனே நம்பலை. ஒரு நாடகம் போட்டு, சித்தப்பன் முகம் மாறுகிறதா என்று சோதித்துப் பார்த்தான். அவ்வளவு புத்திசாலி! அந்தப் புத்திசாலியே அப்புறம் என்ன செய்தான்? திரைக்குப் பின்னால் சத்தம் கேட்டது. யார் என்று விலக்கிப் பார்க்காமல் வாளைச் சொருகினான். விழுந்தவர் சித்தப்பன் இல்லை, அவன் காதலித்த பெண்ணின் அப்பா. அந்தப் பெண் பைத்தியமாகி ஆற்றில் போனாள். அவள் அண்ணன் இவனைப் பழிவாங்க வந்தான். ஒரு கொலைக்குப் பழி கேட்கப் போய், நாடகம் முடியும்போது எட்டு உயிர் போயிருந்தது. பழிக்கு மூளை இருக்கலாம், நடுவர் அவர்களே. ஆனால் அது எப்போதும் திரைக்கு இந்தப் பக்கம் நின்றுதான் குத்தும். அந்தப் பக்கம் யார் என்று பார்க்காது. (கைதட்டல்)

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அரசியல் பேசலை. ஆனால் இந்தப் பகுதியில் நின்று பழியைப் பற்றிப் பேசிவிட்டு, 1991 மே 21 இரவைச் சொல்லாமல் இறங்க என் மனசு கேட்கலை. ஸ்ரீபெரும்புதூரில் அன்றைக்கு ராஜீவ் காந்தியோடு போனவர்கள் பத்துக்கும் மேல். பந்தோபஸ்துக்கு நின்ற போலீஸ்காரர்கள், பார்க்க வந்த தொண்டர்கள். யாரோ போட்ட கணக்கில் இவர்கள் பேர் இருந்திருக்கவே முடியாது. கணக்குத் தீர்க்கப்பட்டபோது இவர்களும் தீர்ந்தார்கள். அப்புறம் நடந்த இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். அந்த வழக்கில் தூக்குத் தண்டனை பெற்றவர்களில் ஒருவரான நளினியின் தண்டனை 2000-ல் ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. அதற்காகக் கருணை கேட்டவர், கணவனை இழந்த சோனியா காந்தி. 2008-ல் மகள் பிரியங்கா வேலூர்ச் சிறைக்கே போய் நளினியைச் சந்தித்தார். சட்டம், தண்டனை, விடுதலை பற்றி உங்களுக்கும் எனக்கும் வேறு வேறு கருத்து இருக்கலாம். நான் சொல்றது அது இல்லை. அப்பாவை இழந்த ஒரு பெண், அந்த வழக்கில் தண்டனை பெற்ற ஒரு பெண்ணுக்கு எதிரே போய் உட்கார்ந்தாள். அந்த நாற்காலி பழையனூரில் யாருக்கும் கிடைக்கலை. அதைத்தான் சொல்றேன்.

சரி, பழிக்கு மருந்தே இல்லையா? இருக்கு. அதுவும் நீலிக்கே கொடுத்த மருந்து. ஐஞ்சிறு காப்பியங்களில் 'நீலகேசி' என்று ஒன்று உண்டு. சமண நூல். பாடியவர் பேர் தெரியாது. அந்தக் கவிஞர் இந்தப் பழையனூர் நீலியையே கதைத் தலைவியாக எடுத்துக்கொண்டார். பாஞ்சால நாட்டில் முனிச்சந்திரர் என்ற ஒரு முனிவர். உயிர்ப்பலி கூடாது, மண்ணால் உருவம் செய்து வையுங்கள் என்று சொல்லிக் காளி கோயில் பலியை நிறுத்திவிட்டார். கோபம் வந்த காளி, 'இவரை விரட்ட ஆள் வேண்டும்' என்று தெற்கேயிருந்து நீலியை வரவழைக்கிறாள். நீலி போனாள். பேய் உருவத்தில் பயமுறுத்தினாள். அவர் அசையலை. சரி, பழைய வித்தைதான் என்று அரசகுமாரி உருவம் எடுத்துப் போனாள். அவர் ஏமாறலை. அதே சமயம் அடிக்கவும் இல்லை, மந்திரக் கத்தி எடுக்கவும் இல்லை. யார் என்று தெரிந்துகொண்டே, உட்கார வைத்துப் பேசினார்.

அவ்வளவுதான். பேய்க்கு முதல் தடவையா ஒரு ஆள் எதிரே உட்கார்ந்து பேசினார். நீலி பழியை விட்டாள். நீலகேசி ஆனாள். அப்புறம் என்ன செய்தாள் தெரியுமா? ஊர் ஊராகப் போய்ப் பௌத்தர்களோடு, ஆசீவகரோடு, சாங்கியரோடு, மற்றவர்களோடு வாதம் செய்தாள். அதாவது, தமிழ் இலக்கியத்தில் பழிவாங்குகிற வேலையை விட்டுவிட்டுப் பட்டிமன்றத்துக்கு வந்த முதல் அம்மா அவங்கதான்! (பலத்த சிரிப்பு, கைதட்டல்) சிரிக்காதீங்க. பேச இடம் கிடைச்சா பேய்கூடக் கொல்லாது. அந்தக் கவிஞர் இதைத்தான் சொன்னார். தெக்கே போனாலும் பாருங்க, அதே நீலியை இசக்கியம்மனாக்கி, கையில் குழந்தையைக் கொடுத்து, 'அம்மா, என் பிள்ளையைக் காப்பாத்து'ன்னு வேண்டிக்கிறாங்க. அவள் குறையைக் கேட்க ஆள் இல்லாத உலகத்தில் ஜனங்க அவளுக்கு ஒரு கோயிலாவது கொடுத்தாங்க.

எங்க வீட்டுக்கு ஒரு முனிவர் வந்தார். எங்கண்ணி. ஆறாவது வரைக்கும் படிச்சவங்க. 2012-ல் ஒரு நாள் தனியா பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்தாங்க. நான் எழுந்து உள்ளே போகப் பார்த்தேன். "உட்காருங்க தம்பி. சண்டை போட வரலை. பணம் இல்லைன்னு எனக்குத் தெரியும். உங்களுக்கு நிஜமா என்ன கோவம்?" அப்படின்னாங்க. ஏழு வருஷத்தில் யாருமே அதைக் கேட்கலை, நானே என்னைக் கேட்கலை. ஐம்பது நிமிஷம் வகுப்பில் நிறுத்தாமல் பேசுகிற எனக்கு வாய் வரலை. "என்னை ஒரு வார்த்தை கேட்கலையே அண்ணி"ன்னேன். அழுதுட்டேன்.

அப்போ அண்ணி சொன்னாங்க: "ஊர் முழுக்கக் கடன் தம்பி. உங்களைக் கேட்டா நீங்க விக்க வேண்டாம்பீங்க. நீங்க வேண்டாம்னா அவர் விக்க மாட்டார். கடன் இருக்குன்னு உங்ககிட்ட சொல்ல அவருக்கு வெக்கம். அதான் கேட்கலை." பாருங்க! அவர்கிட்டயும் ஒரு நிஜமான வலி இருந்திருக்கு. அதை அவர் மறைச்சார், என்னுடையதை நான் மறைச்சேன். நடுவில் ஒரு பொய் ஏழு வருஷம் பேயா நடமாடுச்சு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் அண்ணனும் போனோம். நிலம் இருந்த இடத்தில் பெரிய காம்பவுண்டுச் சுவர். கேட்டுக்கு முன்னால நின்னுக்கிட்டே இருந்தோம். செக்யூரிட்டித் தம்பி வந்து, "யாரைப் பார்க்கணும் சார்?" என்றார். எங்கண்ணன், "யாரையும் இல்லப்பா. இங்க ஒரு கிணறு இருந்துச்சு" என்றார். அந்தத் தம்பிக்கு ஒண்ணும் புரியலை. எனக்குப் புரிஞ்சுது. அந்தக் கிணத்தை நான் மட்டும் இழக்கலை.

நடுவர் அவர்களே, மணியைத் தொடுறீங்க. முடிச்சிடுறேன். பொறையுடைமையில் வள்ளுவர் சொல்லும் கணக்கு உங்களுக்குத் தெரியும். தண்டித்தவனுக்கு ஒரு நாள் சந்தோஷம், பொறுத்தவனுக்கு உலகம் உள்ளவரை புகழ் என்பார். நான் ஒண்ணு சேர்த்துக்கிறேன். பொறுத்துக்கறதுன்னா வாயை மூடிக்கிறது இல்லை. வலியை மறைச்சா அது நீலி. வலியை அதன் சொந்தப் பேரில் சொன்னா நீலகேசி.

இங்கே வண்டி செய்கிற தொழிற்சாலையில் வேலை பார்க்கிற என் பழைய மாணவன் ஒருத்தன் சொன்னான்: "ஐயா, லைன்ல ஒரு போல்ட்டு சரியா இறங்கலேன்னா பட்டனை அழுத்தி லைனையே நிறுத்திடுவோம். விட்டுட்டா அடுத்த ஆள் மேல ஒண்ணை மாட்டிடுவான், அதுக்கடுத்த ஆள் மூடிடுவான். அப்புறம் எங்க தப்புன்னு தெரியாது. ரோட்டுல போறவன் உயிர்தான் போகும்." சிலப்பதிகாரத்துக்கு இதைவிட நல்ல உரை நான் படிச்சதில்லை. சிங்கபுரத்தில் யாரும் பட்டனை அழுத்தலை. கொற்கை வரைக்கும் போயிடுச்சு.

ஆகவே, அந்த எழுபது பேரின் வாக்கு பெருமைக்குரியதே. ஆனால் அந்த வாக்கு நமக்கு வாய்க்கக் கூடாத பெருமை. அப்படி ஒரு வாக்கு தேவைப்படுகிற நிலைமையே நம் ஊரில், நம் வீட்டில் வரக்கூடாது. அதற்கு நெஞ்சில் நிற்க வேண்டியது பழியின் கொடுமையே, பழியின் கொடுமையே என்று சொல்லி, நல்ல தீர்ப்பை எதிர்பார்த்து அமர்கிறேன்.

பின்வரிசைப் பிள்ளைகளே, பஸ் வந்துடுச்சு போல. போயிட்டு வாங்க. யார்கிட்டயாவது பேசாம இருந்தீங்கன்னா, உள்ளே போய்ப் போனை லாக்கர்ல வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணிடுங்க.